ஆமை புகுந்த கல்லூரி

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் தாண்டித் தெற்கே வருகிறவர்களுக்குக் கையில் புத்தகம் தேவையில்லை. கல்லூரிப் பதாகைகளைப் படித்துக்கொண்டே செங்கல்பட்டு வந்து சேர்ந்துவிடலாம். உயர் நீதிமன்றம் எத்தனை முறை கடிந்துகொண்டாலும் கல்வித் தொண்டில் தளராத பதாகைகள் அவை. அண்மையில் அவற்றில் ஒன்று என் வண்டியை ஓரங்கட்ட வைத்தது. தாளாளர் இடுப்புவரை நிற்கிறார். வலப்பக்கம் அவர் மகன், இடப்பக்கம் முதல்வர், மேலே மேகத்துக்குள் காலஞ்சென்ற நிறுவனர். கீழ் மூலையில் பாஸ்போர்ட் அளவில் ஒரு பெண்ணின் முகம். ‘ஐரோப்பிய மண்ணில் எமது ஆய்வு’ என்று தங்க எழுத்து. வெளிநாடு போய்வந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் அளவுப் படம்! என்ன பொருத்தம்! தாளாளரின் தியாகத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. கடற்கரையில் ஓர் இரவுகூடக் கண்விழிக்காமல், ஒரு முட்டையைக்கூட எண்ணாமல், அந்த ஆய்வின் முழுப் பெருமையையும் தனியாளாகத் தோளில் சுமந்துகொண்டு வெயிலில் நிற்கிறார் மனிதர்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். மாமல்லபுரத்தில் கல் கொத்தும் சிற்பி ஒருவரின் மகள். பங்குனி ஆமையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் பெரியவர்கள் அவசரப்பட்டுச் சொல்லிவைத்துவிட்டார்கள். ஆமை புகுந்த கல்லூரி எப்படித் தழைத்திருக்கிறது என்று அவர்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆய்வு என்னவென்று பதாகையில் இல்லாததால் நான் சொல்கிறேன். தை பிறந்ததிலிருந்து சித்திரை வரைக்கும் கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட மணலில் தாய் ஆமைகள் இரவில் கரையேறும். குழி பறித்து நூறு, நூற்றிருபது முட்டை இட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். நாயும் நரியும் தோண்டுவதற்கு முன் தன்னார்வலர்களும் வனத்துறையினரும் அந்த முட்டைகளை எடுத்து, வேலி கட்டிய பொரிப்பகத்தில் மறுபடி புதைப்பார்கள். நாற்பத்தைந்திலிருந்து அறுபது நாளுக்குள் குஞ்சு வரும். அது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. சுமார் முப்பது டிகிரியைத் தாண்டிச் சூடு ஏற ஏறப் பெண் குஞ்சுகள் கூடும். இறங்கினால் ஆண் குஞ்சுகள் கூடும். வெயில் ஆண்டுக்காண்டு ஏறுகிறது. பொரிப்பகத்தின் மேல் கீற்றுப் பந்தல் போட்டால் மணல் எவ்வளவு ஆறும், எந்த வாரத்தில் போட வேண்டும், எத்தனை அடி உயரத்தில் போட வேண்டும்? இவ்வளவுதான் அந்தப் பெண் கேட்ட கேள்வி. இதற்காகச் சில பருவங்கள் மணலிலேயே கிடந்தார். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கி, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்த அந்த நாட்களில்கூட, வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்த உடல்களைக் கடந்துதான் தினமும் வெப்பமானி பார்க்கப் போனார்.

இந்த இடத்தில் கல்லூரியின் ஆய்வகத்தையும் நான் பாராட்டியாக வேண்டும். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து ஔவை வாயாரப் புகழ்ந்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. இதுவும் தொண்டை நாடுதான். அந்த மரபு இன்னும் அறுபடவில்லை. கருவிகள் பிளாஸ்டிக் உறை கழற்றப்படாமல், ஆயுத பூசையன்று வைத்த சந்தனமும் குங்குமமும் கலையாமல், தரமதிப்பீட்டுக் குழு வந்துபோன அன்றைய பளபளப்போடு அப்படியே இருக்கின்றன. மாணவியின் வெப்பமானிகளைத்தான் பார்க்கச் சகிக்காது. உப்புக் காற்றில் துருவேறி, ஒன்றை நாய் கவ்விப்போய், இன்னொன்றைப் புரட்டாசி அலை இழுத்துப்போய், மிச்சம் இருப்பவற்றில் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருக்கிறார். நல்லவேளையாக அவற்றைத் தம் சொந்த உதவித்தொகையில் வாங்கியிருந்தார். கல்லூரிச் சொத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை.

அந்த உதவித்தொகையும் லேசுப்பட்டதல்ல. 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வாளருக்கு மாதம் ₹37,000. மாதம் பிறந்ததும் கையில் கொடுத்தால் இளம்பிள்ளைகள் சோறு, வாடகை என்று ஊதாரித்தனமாகச் செலவழித்துவிடுவார்கள் என்ற தாயுள்ளத்தோடு நான்கைந்து மாதம் நிறுத்திவைத்துச் சேர்த்துப் போடுகிறார்கள். இவ்வளவு கண்டிப்பான சேமிப்புத் திட்டம் தபால் நிலையத்தில்கூடக் கிடையாது.

சரி, ஏன் ஐரோப்பா? முனைவர் பட்டத்துக்கு முன் ஒரு கட்டுரை வெளியிட்டு, இரண்டு மாநாட்டில் பேசியிருக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2016இல் விதி வைத்திருந்தது. 2022இல் வந்த புதிய விதிகளில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. டெல்லி கைவிட்டாலும் நம்முடைய கல்லூரி கைவிடுமா? ‘சர்வதேச மாநாடு ஒன்றாவது’ என்று தன் சொந்தப் பொறுப்பில் அந்த மரபைக் கட்டிக் காக்கிறது. உள்ளூரில் பேசினால் ஒன்று, வெளி மாநிலத்தில் பேசினால் இரண்டு, கடல் தாண்டினால் ஐந்து என்று மதிப்பெண்ணும் வைத்திருக்கிறார்கள். அறிவின் எடை தூரத்தோடு கூடும் என்ற இந்த விதி நியூட்டனுக்கே தட்டுப்படாதது.

அழைப்புகளுக்குக் குறைவில்லை. ‘மாண்புமிகு பேராசிரியர் அவர்களே, தங்கள் மகத்தான பங்களிப்பைக் கண்டு வியந்தோம்’ என்று அந்தப் பெண்ணுக்குத் தினமும் மின்னஞ்சல் வருகிறது. பல் மருத்துவ மாநாட்டுக்கு ஒன்று, பால் பண்ணை மாநாட்டுக்கு ஒன்று. ஆமைக்குப் பல் இல்லை, பாலும் இல்லை என்ற அற்பக் காரணத்துக்காக ஓர் ஆய்வாளரை ஒதுக்காத அந்தப் பரந்த மனத்தை எங்கே பார்க்க முடியும்? இந்த விருந்தோம்பலில் நம்மவர்கள் உலகத்துக்கே வழிகாட்டிகள். ஐதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனம் எத்தனையோ மாநாடுகளுக்கு ஆய்வாளர்களை அழைத்து அழைத்துக் களைத்தது. அதைப் புரிந்துகொள்ளாத அமெரிக்க நீதிமன்றம், வராத அறிஞர்கள் வருவதாக விளம்பரம் செய்தார்கள், நடக்காத மதிப்பாய்வு நடந்ததாகச் சொன்னார்கள் என்றெல்லாம் குறைபட்டு, 2019இல் ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லிவிட்டது.

அந்தப் பெண் பிடிவாதக்காரி. இவ்வளவு அன்பான அழைப்புகளை எல்லாம் தள்ளிவிட்டு, ஆமைக்காரர்கள் உண்மையிலேயே கூடுகிற மாநாடாகத் தேடி எழுதிப்போட்டார். ஏற்றுக்கொண்டார்கள். மாணவர் சலுகை போகப் பதிவுக் கட்டணம் ஒரு மாத உதவித்தொகையை விழுங்கியது.

பயணச் செலவுக்கு அரசு நல்கை உண்டு. யாரும் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காட்டை ஆராய்ச்சிக்கு அள்ளிக் கொடுக்கிற தேசம் இது. 2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் போட்டபோது, ஐந்தாண்டுக்கு ₹50,000 கோடி என்று அறிவித்து, அதில் ₹36,000 கோடியைத் தனியாரும் பிறரும் மனமுவந்து கொண்டுவந்து கொட்டுவார்கள் என்று கணக்கிட்ட தேசம். அடுத்தவர் பணத்தில் இவ்வளவு தாராளமாக இருக்க யாருக்கு மனசு வரும்? மாணவிக்கு ஒப்புதல் கடிதம் வந்தது. பணம் மட்டும் போய்வந்த பிறகு, ரசீதுகளைப் பார்த்துத் தருவார்களாம். போகாமலே போனதாகச் சொல்லிவிட்டால்? அந்த எச்சரிக்கையைக் குறை சொல்ல முடியாது. சீட்டை எங்கே வாங்குவது என்ற மண்டையிடியையும் மிச்சமாக்கிவிட்டார்கள். அரசுப் பணத்தில் பறப்பவர் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. என்ற மூன்றில் ஒன்றிடம்தான் வாங்க வேண்டும் என்பது நிதி அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு உத்தரவு. கைப்பேசியில் இரண்டு விரலால் தட்டி வாங்குகிற சீட்டில் என்ன கௌரவம் இருக்கிறது?

ஆக, முதலில் கைப்பணம் வேண்டும். அதற்கும் முன்னால் விசா.

விசாவின் அருமை பெருமைகளை எழுத ஒரு தலபுராணமே போதாது. ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய கால விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. ஆனால் அறிவியல் மாநாட்டுக்குப் போகும் ஆய்வாளருக்குக் கட்டணமே கிடையாது என்று அவர்களுடைய விசாச் சட்டம் வாய்விட்டுச் சொல்கிறது. அறிவின் மேல் அவ்வளவு மதிப்பு. விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம், கூரியர் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம், நகலெடுக்கும் கட்டணம் ஆகியவை அறிவின் கணக்கில் வராதவை என்பதால் அவற்றை மட்டும் கட்ட வேண்டும். முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். சிற்பியின் மொத்தப் பட்டறையையும் அதில் நிற்கும் சாமிகளோடு சேர்த்து விற்றாலும் அந்தத் தொகை தேறுமா என்பது சந்தேகம். அந்த வீட்டுப் பெண்ணின் உயிருக்கு இவ்வளவு விலை வைத்தவர்கள் இதுவரை வேறு யாரும் இல்லை.

அடுத்தது அப்பாவின் வங்கிக் கணக்கு. மூன்று மாத வரவு செலவு வேண்டும். பணத்தைத் துணியில் சுற்றி உளிப்பெட்டிக்குள் வைக்கிற மனிதர் அவர். சித்தியின் வளையலை அடகு வைத்து, மாமாவிடம் கைமாற்று வாங்கி, கணக்கில் போட்டு, அது மூன்று மாதம் அங்கேயே குடியிருந்த மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காக மாநாடு அறிவித்த அன்றே ஆரம்பித்தார்கள். திடீரென்று பெரிய தொகை விழுந்தாலும் சந்தேகப்படுவார்களாம். அதனால் மழைத்தண்ணீர் ஏரியில் ஏறுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. நகைக்கடன் வட்டியும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாக.

இத்தனை காகிதத்தையும் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தபோது சிற்பி கேட்டாராம்: “ஏம்மா, நான் செஞ்ச பிள்ளையார் சிங்கப்பூர்ல இருக்கு, லண்டன் கோயில்ல ஒரு அம்மன் நிக்குது. அதுங்களுக்கு இவ்ளோ காயிதம் யாரும் கேக்கலியே?”

“அதுங்க திரும்பி வர வேணாம்பா” என்றாராம் மகள்.

மொத்த விசாக் கொள்கைக்கும் இதைவிடச் சுருக்கமான உரை எழுத முடியாது. திரும்பி வருவாய் என்பதற்கு என்ன ஆதாரம்? நிலப்பட்டா இருக்கிறதா, வேலை இருக்கிறதா, கல்யாணம் ஆகிவிட்டதா? தம் நாடு அவ்வளவு இனிமையானது, ஒரு தடவை மிதித்தவர்கள் மாமல்லபுரத்துக்குத் திரும்ப மாட்டார்கள் என்று நம்புகிற அந்தத் தன்னம்பிக்கையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். நாமோ 2019இல் சீன அதிபரை அர்ச்சுனன் தபசு முன்னால் நிறுத்திவைத்தோம். 2022இல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் என்று 180க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்களைக் கூட்டிவந்து இளநீர் கொடுத்தோம். ஒருவரிடமாவது பட்டா கேட்டோமா? 2024இல் மட்டும் இந்தியர்களின் ஷெங்கன் விண்ணப்பங்களில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் திருப்பப்பட்டன. கட்டிய பணம் திருப்பப்படவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்குக்கூடக் கூலி வாங்குகிற அந்த நேர்த்தி நம்மூர் அலுவலகங்களில் ரசீதோடு நடப்பதில்லை.

அந்தப் பெண்ணுக்கு விசா வந்தது. புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை.

கல்லூரி பெருந்தன்மையோடு நான்கு நாள் ‘ஆன் டியூட்டி’ தந்தது. ஐந்தாம் நாள் உள்மதிப்பீட்டுத் தேர்வு. அறைக் கண்காணிப்புக்கு அவர்தான். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் மாநாடு. விடிகாலை நான்கு மணிக்கு மீனம்பாக்கத்தில் ஏறி, வளைகுடாவில் ஏழு மணி நேரம் உட்கார்ந்து, இருட்டிய பிறகு ஐரோப்பாவில் இறங்கினார். அந்த ஊரில் அவர் பார்த்தவை: ஒரு ரயில் நிலையம், ஆறு பேர் படுக்கிற விடுதி அறை, மாநாட்டு மண்டபம், அதே ரயில் நிலையம். தோழியின் அக்கா கொடுத்த குளிர் கோட்டில் ஒரு கை நீளம், ஒரு கை இன்னும் நீளம்.

இந்த வேகத்தின் அருமை பழங்கதை தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். 1930 ஜூலை கடைசியில் மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரிப் பையன் ஒருவன் அரசு உதவித்தொகையில் பம்பாயில் கப்பல் ஏறினான். வயது பத்தொன்பது. பெயர் சந்திரசேகர். இரண்டு வாரத்துக்கு மேல் கடலில். கண்காணிப்பு வேலை இல்லை, வாட்ஸ்அப் குழு இல்லை, ‘எங்கே இருக்கிறாய், படம் அனுப்பு’ என்று கேட்க முதல்வரும் இல்லை. பாவம், வேறு வழியில்லாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டான். ஒரு அளவுக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனாக அடங்காது என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தான். அதன் பலன்? 1935இல் லண்டனில் எடிங்டன் சபை நடுவே அவரைக் கேலி செய்தார். நோபல் பரிசுக்கு 1983 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நான்கு நாள் பயணத் திட்டத்தில் அனுப்பியிருந்தால் இந்தத் துன்பம் எதுவும் நேர்ந்திருக்காது. அவருடைய சித்தப்பா சி.வி. ராமன் கதையும் அதுவே. 1921இல் ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டு ‘நர்குண்டா’ கப்பலில் திரும்புகையில், மத்திய தரைக்கடல் ஏன் இப்படி நீலமாக இருக்கிறது என்று நாள் முழுதும் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையில் ஒரு நிக்கோல் பட்டகம் வேறு. இப்போதைய விமானத்தில் அந்தக் கடலைத் தாண்டுகையில் சன்னல் மறைப்பை இறக்கச் சொல்லிவிடுகிறார்கள், ஆபத்து இல்லை.

உரைக்கு வருகிறேன். கொடுத்த நேரம் பன்னிரண்டு நிமிடம்: பத்து நிமிடம் பேச்சு, இரண்டு நிமிடம் கேள்வி. கடைசி நாள், சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு, மூன்றாவது பேச்சாளர். முன்னால் பேசிய இரண்டு பேரும் நீட்டிவிட்டதால், எட்டு நிமிடத்தில் முடித்தால் நல்லது என்று தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அரங்கில் ஒன்பது பேர். நான்கு பேர் அதே அமர்வின் பேச்சாளர்கள், ஒருவர் மைக் பார்ப்பவர். மீதி நால்வரில் ஒருவர் தூங்கியது விமானக் களைப்பால் இருக்கலாம். அதை ஆய்வின் மீதான விமர்சனமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. முதல் படத்தில் கல்லூரிச் சின்னம், நிறுவனர் படம், தரவரிசை எண், ‘அறமும் அறிவும்’ என்ற முழக்கம். இது கல்லூரி கட்டாயமாக்கிய வார்ப்புரு. கடைசிப் படத்தில் தாளாளருக்கு நன்றி, முதல்வருக்கு நன்றி, துறைத்தலைவருக்கு நன்றி. இடையே கிடைத்த ஆறு நிமிடத்தில் சில பருவங்களின் மணல், ஏழாயிரத்துச் சொச்சம் குஞ்சுகள், ஒரு கீற்றுப் பந்தல். ஓர் ஆமை கரையேறி முட்டையிட்டுத் திரும்ப முக்கால் மணி நேரமாவது ஆகும். அந்த மந்தமான பிராணிக்கு நவீன ஆராய்ச்சியின் வேகம் எங்கே தெரியப்போகிறது?

கேள்வி நேரத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. “நீங்கள் சொல்லும் செங்கல்பட்டு கோவா பக்கத்திலா?” என்றார் தலைவர். அவர் மருத்துவத்துறைக்காரர் இல்லை போலிருக்கிறது. இருந்திருந்தால் ‘சிங்கல்பட்’ என்ற பழைய உச்சரிப்பைக் கேட்டதுமே நிமிர்ந்திருப்பார். 1968இல் தொடங்கி, மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நம் ஊர் ஜனங்களை வைத்து நடந்த பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு உலகம் முழுக்க அந்தப் பெயரில்தான் அறியப்படுகிறது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து மக்களின் கையில் குத்திப் பார்த்துத்தான். ஊரின் பெயர் விசா இல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டது. கை நீட்டியவர்களுக்கு முடிவைச் சொல்லித் தொந்தரவு செய்யும் வழக்கம் அப்போதும் பெரிதாக இருந்ததில்லை.

இரண்டாவது கேள்வி கேட்டவர் ஆர்வமாக முன்னால் வந்து எல்லாப் படங்களையும் கைப்பேசியில் பிடித்துக்கொண்டார். தரவுகளை அனுப்ப முடியுமா என்றும் கேட்டார். பெண்ணுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உப்புக் காற்றைத் தாங்கும் வெப்பமானிகள் விற்கும் நிறுவனத்தின் பிரதிநிதி அவர் என்பது அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது தெரிந்தது. ஒன்றின் விலை இரண்டு மாத உதவித்தொகை.

இதே கரையிலிருந்து முறைப்படி தயாராகாமல் வெளிநாடு போன இரண்டு பேரின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒப்பிட்டால்தான் நம் கல்லூரியின் உயரம் தெரியும். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவர் 2017 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்புநிலம் முழுக்கப் பெருகி, முயலையும் மானையும் விழுங்கித் தீர்த்துக்கொண்டிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு போட்டி வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்கள் ஒரு மாதம் தேடி 106 பாம்பு பிடித்திருந்தார்கள். இந்த இருவரும் போனார்கள்; ஆய்வுச் சுருக்கம் அனுப்பவில்லை, முதல் படத்தில் சின்னம் போடவில்லை, தாளாளருக்கு நன்றி சொல்லவில்லை. தடம் பார்த்தார்கள், எச்சம் பார்த்தார்கள், புதருக்குள் கடப்பாரையை விட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. அதில் ஒன்று பதினாறு அடி. இப்படி வெறும் பாம்பை மட்டும் காட்டிவிட்டு வருவதற்கு எந்தத் தரவரிசையில் மதிப்பெண் இருக்கிறது? 2023இல் பத்மஸ்ரீ கொடுத்து ஏதோ ஆறுதல் சொன்னார்கள். எந்தக் கல்லூரியும் அவர்களுக்குப் பதாகை வைக்கவில்லை. நியாயம்தான், எந்தக் கல்லூரியும் அவர்களைச் சேர்க்கவே இல்லையே.

மாணவி திரும்பி வந்து, தேர்வறைக் கண்காணிப்பு முடித்து, அன்று சாயங்காலமே மீனவர் குப்பத்துக்குப் போனார். ஆமைத் தடத்தையும் நாய்த் தடத்தையும் இருட்டில் கால் விரலால் தடவிப் பிரித்துப் பார்க்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தப் படகுக்காரர்கள்தான்.

“இன்னா பாப்பா, நம்ம ஆம மேட்டரு அங்க எடுபட்டுச்சா?” என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன்.

“எடுபட்டுச்சுண்ணா.”

“இன்னா சொன்னே அவுங்களாண்ட? எங்களாண்ட இன்னும் சொல்லவே இல்லியே நீ.”

உட்கார்ந்து சொன்னார். மாசிக் கடைசியில் பந்தல் போட வேண்டும், இத்தனை அடி உயரம், இரண்டடுக்குக் கீற்று போதும் என்று. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. எட்டில் முடி என்று யாரும் சொல்லவில்லை. கிழக்கோரம் கீற்றைத் தாழக் கட்டினால் காலை வெயிலும் தடுபடும் என்று ஒரு பெரியவர் சொன்னார். அது நல்ல திருத்தம். ஐரோப்பாவில் யாரும் சொல்லாத திருத்தம். இதற்கெல்லாம் சான்றிதழ் எப்படிக் கொடுப்பது? கல்லூரி வாசலிலிருந்து அந்தக் குப்பத்துக்குப் பேருந்தில் போக இருபது, முப்பது ரூபாய். இவ்வளவு மலிவான பயணத்துக்கு நல்கை கேட்டால் விண்ணப்பத் தாளுக்கே அவமானம். மீனவ மக்களைத் தங்கள் சொந்தக் கடலைப் பற்றிய செய்திகளிலிருந்து இத்தனை ஆண்டுகளாகக் கல்லூரி பத்திரமாகப் பாதுகாத்துவருகிறது. நாமாகப் போய் அதைக் கெடுக்க வேண்டாம்.

கல்லூரி சும்மா இருக்கிறது என்று அர்த்தமில்லை. கடலோர வாழ்வு பற்றி ஆண்டுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதி ஒன்றில் அதுவே சர்வதேச மாநாடு நடத்துகிறது. அரங்கிலிருந்து கடல் முப்பதடி. புரொஜெக்டர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடல் பக்கத் திரையை மட்டும் இழுத்துவிடுவார்கள்.

மாணவிக்குப் பாராட்டு விழா ஜோராக நடந்தது. பொன்னாடை, பூங்கொத்து, ‘வீரமங்கை’, ‘செங்கல்பட்டின் செல்வி’ எல்லாம் உண்டு. முதல்வர் முக்கால் மணி நேரம் பேசினார். அதில் ஆமையை இரண்டு தடவை குறிப்பிட்டார், ஒரு தடவை திமிங்கலம் என்று. மாணவியை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சரியாக இரண்டு வார்த்தை முடிவதற்குள் தேசிய கீதம் வந்துவிட்டது. வகுப்புத் தோழர்கள் சாக்லேட் எங்கே என்றார்கள். உறவினர்கள் அங்கேயே ஒரு வேலை பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாமே என்றார்கள்.

பயணச் செலவுக் கோப்பு இப்போது கணக்குப் பிரிவில் இருக்கிறது. சித்தியின் வளையலும் அதோடுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். போன வாரம் அதில் ஓர் ஆட்சேபக் குறிப்பு எழுதித் திருப்பியிருக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன விமானத்தின் போர்டிங் பாஸ் இணைக்கப்படவில்லை. எனவே மாணவி அந்த இடைப்பட்ட தூரத்தை எவ்விதம் கடந்தார், எத்தனை மணிக்குச் சேர்ந்தார், சேர்ந்த இடத்தில் என்ன செய்தார், அதனால் ஏற்பட்ட பயன் யாது என்பதை எழுத்துமூலம் ஏழு நாளுக்குள் விளக்க வேண்டும். அவருடைய ஆய்வுப் பயணத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு நான்கு கேள்வி கேட்டது இதுவரை அந்தக் கணக்குப் பிரிவு மட்டும்தான். அவரும் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறார். இணைப்புகளோடு நாற்பது பக்கம் வரும் என்கிறார்.